நடுக்குழி

திண்டிவனம், 14-7-1987, செவ்வாய்.

கரு கலைந்து மருத்துவமனையிலிருந்து திரும்பியதிலிருந்து கோமதி ஐந்து வரிசையில் பதினைந்து குழியுள்ள ஒரு முக்கோண ஆட்டப் பலகையோடுதான் உட்கார்ந்திருக்கிறாள். மூன்றாம் வரிசையின் நடுக்குழியைக் காலியாக விட்டு, மற்ற பதினான்கு குழிகளில் புளியங்கொட்டைகளை வைப்பாள். ஒரு கொட்டை இன்னொன்றைத் தாண்டினால், தாண்டப்பட்டதை எடுத்துவிட வேண்டும். கடைசிக் கொட்டை நடுக்குழியில் வந்து நிற்க வேண்டும் என்பது அவளாக வைத்துக்கொண்ட விதி. ஒருநாளும் நிற்கவில்லை.

"எங்கியோ நான்தான் தப்பு பண்ணிக்கினு இருக்கேன்," என்றாள் நேற்றும். பலகையைப் பற்றி மட்டும் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

இன்று கல்லூரிக் கம்ப்யூட்டரில் அந்த ஆட்டத்தை லிஸ்ப் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதினேன். பலகையின் ஒவ்வொரு நிலையும் ஒரு புள்ளி. ஒரு தாண்டல், இரண்டு புள்ளிகளை இணைக்கும் கோடு. ஒரு நிலையைக் கொடுத்தால், அதை அழிக்காமல், அடுத்த நிலைகளையெல்லாம் தரும் ஒரு ஃபங்ஷன், அதாவது ஒரு சின்னக் கட்டளைத் தொகுப்பு. கம்ப்யூட்டர் எல்லாக் கோடுகளிலும் போய்ப் பார்த்துவிட்டு, வழி எதுவும் இல்லை என்று காலிப் பட்டியலைத் தந்தது. நான் எழுதியதில்தான் பிழையோ என்று சந்தேகப்பட்டு, மூலைக்குழியைக் காலியாக விட்டு அதிலேயே முடிக்கச் சொல்லிப் பார்த்தேன். அதற்கு வழி வந்தது.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். "நடுக்குழில முடிக்க வழியே இல்ல கோமதி. யார் ஆடினாலும் வராது."

"நல்லா பாத்தீங்களா?"

"ஒண்ணு விடாம பாத்தேன்."

பலகையிலிருந்த கொட்டைகளைக் கையில் அள்ளிக்கொண்டாள். "உன் மேல தப்பு இல்லன்னு டாக்டரம்மாவும் சொன்னாங்க. சமாதானத்துக்குச் சொல்றாங்கன்னு நெனச்சுக்கினு இருந்தேங்க."

அப்புறம் அழுதாள். வீட்டுக்கு வந்தபிறகு இன்றுதான் அழுதாள். நான் பக்கத்திலேயே இருந்தேன்.

இப்போது தூங்குகிறாள். விளக்கு அவள் முகத்தில் படுகிறது. அணைத்துவிடுகிறேன்.