காதில் நம்பர் போட்ட சிவப்பி

வெள்ளவத்தை
1947 வைகாசி

அன்பு மகள் சரோஜினிக்கு அம்மா எழுதுவது. பிள்ளையார் புண்ணியத்தில் நாங்கள் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் மருமகனும் சின்னவனும் அங்கே கோலாலம்பூரில் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டுமென்று விளக்கேற்றிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். சின்னவனுக்கு இருமல் விட்டதா, மழையில் அவனை முற்றத்தில் விடாதே, கற்பூரவள்ளி கிடைத்தால் வாட்டிச் சாறு கொடு. என் கடிதம் பிந்திவிட்டது, மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை பிள்ளை, உலையில் அரிசியைப் போட்டுவிட்டு வாசலுக்குப் போகிறேன், வாசலில் நின்றால் ஏன் வந்தேன் என்று தெரியவில்லை.

கொழும்புக் குழந்தைகளுக்குப் பால் போதாதென்று, கறவை மாடு வைத்திருப்பவர்களுக்கு மாட்டுக்கு இவ்வளவு என்று கவுண்மேந்து மானியம் கொடுக்கத் தொடங்கியது நீ போன பிறகுதான். நம்முடைய சிவப்பிக்கும் கிடைத்தது, புண்ணாக்குச் செலவுக்கு உதவியாக இருந்தது. நுகேகொடையில் தென்னந்தோட்டம் வைத்திருக்கும் நாகேந்திரம் முதலாளி இல்லாத மாடுகளுக்கும் சேர்த்து எழுதி வாங்கியிருக்கிறார். மாடு எண்ண மானியக் கந்தோரிலிருந்து ஆள் வருகிறதென்று தெரிந்ததும் உன் ஐயாவிடம் வந்து, "ஒரு நாளைக்குத்தான் அண்ணை, பின்னேரமே திருப்பி அனுப்பிறன்" என்று கேட்டாராம். ஐயாவின் இளகின மனது உனக்குத் தெரியும்தானே, நான் கோயிலுக்குப் போயிருந்த நேரம் மாட்டை அவிழ்த்துக் கொடுத்துவிட்டார். திரும்பி வந்தால் கொட்டில் வெறுமை, கன்று கத்திக்கொண்டு நிற்கிறது. பின்னேரமும் வரவில்லை, அடுத்த நாளும் வரவில்லை. எண்ண வந்த உத்தியோகத்தர் சிவப்பியின் காதில் தகட்டு நம்பர் அடித்து முதலாளியின் மாடென்று பதிந்துவிட்டுப் போய்விட்டார்.

வைக்கோல் கொண்டுவரும் அலவி நானாவின் வண்டியில் நான் நுகேகொடைக்குப் போனேன். முதலாளி கதிரையை விட்டு எழும்பவும் இல்லை. "காதில என்ர நம்பர் கிடக்கு, இனிக் கொண்டுபோனால் களவுக் கேஸ்தான்" என்றார். வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தேன். நானா, "அழாதீங்க, அன்னைக்கு மாட்டை வண்டிக்குப் பின்னால கட்டி இங்க கொண்டுவந்தது நான்தான், எங்கயும் வந்து சொல்றேன்" என்றார். வீட்டுக்கு வந்ததும் கந்தோருக்குப் போவோம் என்றேன். ஐயா தலையைக் குனிந்துகொண்டார், அரசாங்கத்தில் பென்சன் வாங்குகிற ஆள், கள்ளக் கணக்குக்கு உடந்தை என்று எழுதினால் அதற்கும் ஆபத்து என்று பயம். நான் தனியாகவே சேலை மாற்றிப் புறப்பட்டேன்.

கந்தோரில் இருந்த உத்தியோகத்தர் சிங்கள ஆள், நல்ல மனிதர், நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, "இதை எழுதினால் உங்கட புருசன்ட பெயரையும் எழுத வேணும் அம்மா, யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். அப்போது பின்னால் ஐயாவின் குரல் கேட்டது. அடுத்த பஸ்ஸில் வந்திருக்கிறார், சேர்ட்டுப் பொத்தானைக்கூட மாறிப் பூட்டியிருந்தார். "ஓம், நான்தான் மாட்டைக் குடுத்தனான், என்ர பெயரை முதலில எழுதுங்கோ" என்றார். கலியாணம் செய்த நாளிலிருந்து அவர் அவ்வளவு உரத்துக் கதைத்து நான் கேட்டதில்லை.

ஐயா சொன்னதையும் நானா வந்து சொன்னதையும் எழுதிக்கொண்டு, தகட்டைக் கழற்றிச் சிவப்பியைத் தந்துவிட்டார்கள். காது புண்ணாகிக் கிடந்தது, மஞ்சள் வைத்துக் கட்டியிருக்கிறேன். முதலாளியின் மானியமும் நின்றது, நம்முடையதும் நின்றது. ஆனியில் விசாரணை, பென்சனைத் தொடுவார்களோ விடுவார்களோ ஒருவருக்கும் தெரியாது. நித்திரையில் திடுக்கிட்டு எழும்புகிறேன். ஐயா மட்டும் நன்றாகத் தூங்குகிறார். இதையெல்லாம் உனக்கு எழுதுவதா என்று யோசித்தேன், பக்கத்தில் நின்றவர், "ஒண்டையும் ஒளிக்காமல் எழுது, தகப்பன் செய்தது பிள்ளைக்குத் தெரியட்டும்" என்றார்.

நீங்கள் மூவரும் நோய்நொடியில்லாமல் நீடூழி வாழ வேண்டும். பதில் போடும்போது உறையில் என் பெயரை எழுதாதே பிள்ளை, தன் பெயரை முதலில் எழுதச் சொன்னவர் ஐயாதானே, அவர் பெயருக்குப் போடு.

இப்படிக்கு உன் நினைவாகவே இருக்கும்
அம்மா ஜெகதீஸ்வரி