கோட்டையில் இருந்த மருந்து

மாப்பிள்ளை, நேற்று முந்தல் அடிவாரத்துக்கு மேலே பாதை போடுகிறவர்கள் பாறைக்கு வேட்டு வைத்தார்கள். சத்தம் என்னை ஒன்றும் செய்யவில்லை. காற்று திரும்பி அந்தக் கந்தக வாடை மூக்கில் ஏறியதும்தான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் பாய்ச்ச வந்தவன், "என்னண்ணே, கிறுகிறுப்பா?" என்றான். வெயில் என்று சமாளித்தேன். வானம் மூடிக் கிடந்தது, மனதுக்குள் சிரித்திருப்பான்.

நீங்கள் கண்ணை மூடி மூன்று மாதமாகிறது. இந்தப் பயத்தைப் பேச எனக்கு வேறு ஆள் இல்லை.

முந்தாநாள் மலை மெட்டுக்கு ஏறும்போது கோட்டையைப் பார்த்தேன். இடுப்பளவுச் சுவர்தான் மிச்சம். பாலம் கட்டுகிறோம் என்று கல்லையெல்லாம் வண்டியில் ஏற்றுகிறார்கள். துப்பாக்கி நீட்டுவதற்கு விட்ட துளைகளில் ஓணான் ஓடுகிறது. திருவிதாங்கூர்ப் பாதையைக் காக்க என்று நம் அப்பன்மார் காலத்தில் துரைமார் கட்டிய கோட்டை அது. ஒரு பீரங்கியும் கொஞ்சம் சிப்பாய்களும் இருந்தார்களாம். சண்டைக்கு ஒருவரும் வரவில்லை, மலைக்காய்ச்சல்தான் வந்தது. பாதிப் பேரைப் புதைத்துவிட்டு மீதிப் பேர் இறங்கிப் போனார்கள். பாதி மண்ணுக்குள் கட்டிய மருந்தறை மட்டும் இன்னும் முழுதாக நிற்கிறது. நான் பக்கத்தில் போகவில்லை.

அத்தனை வருடத்துக்கு முன்னால், அந்த ஐப்பசியில் ஏலத்தோட்டத்தில் தங்கச்சிக்குக் காய்ச்சல் என்று நீங்கள் ஆள் அனுப்பினீர்கள். நான் வந்தபோது அவள் கண் செருகிக் கிடந்தாள். கம்பளியை மூங்கிலில் தொட்டிலாகக் கட்டி, முன்னே நீங்களும் பின்னே நானும் சுமந்து இறங்கினோம். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. கீழே போடி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை இவள் உயிர் தங்குமா என்பது ஒன்றுதான் நம் இருவர் மனதிலும்.

அப்போது நான்தான் வாயைத் திறந்தேன். காலையில் வழியில் பார்த்த பொதிமாட்டுக்காரர், "கோட்டைக்குள்ள பீப்பா பீப்பாயா மருந்து எறக்கி வச்சிருக்காகப்பா, நம்ம மாட்டுலதான் வந்துச்சு" என்று சொல்லியிருந்தார். காய்ச்சலில் சிப்பாய்கள் செத்த இடம். அங்கே மருந்து என்றால் காய்ச்சல் மருந்து என்றே எடுத்துக்கொண்டேன். பீப்பாய் நிறைய யார் மருந்து வைப்பார்கள் என்று நீங்கள்கூடக் கேட்டீர்கள். "தொரைமாருக்கு எல்லாமே பீப்பாய்தான் மாப்ளே, வெரசா வாங்க" என்றேன். மேதாவி நான்.

காவல்காரன் மழைக்குப் பயந்து போயிருந்தான். தொட்டிலைச் சுவரோரம் இறக்கினோம். நீங்கள் கல்லால் மருந்தறைப் பூட்டை உடைத்தீர்கள். வாசலோரப் பீப்பாயின் மூடியைப் பெயர்த்து ஒரு கை அள்ளி வந்து, "கறுப்பா, கடுகாட்டம் இருக்கு மச்சான்" என்று என்னிடம் கொடுத்தீர்கள். "உள்ள குளிகை எதுவும் இருக்கான்னு பாக்குறேன்" என்று எண்ணெய்த் துணியைக் கம்பில் சுற்றிப் பற்றவைத்துக்கொண்டு திரும்ப உள்ளே போனீர்கள்.

நான் தங்கச்சியின் நாக்கில் ஒரு சிட்டிகை வைத்தேன். கண்ணைத் திறக்காமலே துப்பினாள். "உப்புக் கரிக்குது... திருவிழா வேட்டு நாத்தம்" என்று முனகினாள்.

உள்ளங்கையை மோந்து பார்த்தேன். பாதை வேலையில் பாறைக்கு வைக்கும் வெடிமருந்து.

ஓடிப்போய் வாசலில் நின்றேன். நீங்கள் பீப்பாய்களுக்கு நடுவே பந்தத்தை உயர்த்திப் பிடித்தபடி நின்றீர்கள். காலடியில் நீங்களே சிந்திய தூள் வாசல்வரை கோடு போட்டிருந்தது. துணியிலிருந்து எரிந்த நூல் ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டிருந்தது. "மாப்ளே, அது வேட்டு மருந்து. கீழ போட்றாதீங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

உங்களுக்குக் கேட்டது. இடது கையைப் பந்தத்துக்கு அடியில் ஏந்தி, விழுகிற தீக்கங்குகளையெல்லாம் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு அடிமேல் அடி வைத்து வந்தீர்கள். முகத்தில் அசைவே இல்லை. மழையில் பந்தத்தைப் போட்ட பிறகுதான் "ஆத்தாடி" என்று உட்கார்ந்தீர்கள். நான் ஓடாமல் நின்றதாகப் பிற்பாடு பெருமையாகச் சொல்வீர்கள். ஓடுவதற்குக் கால் வரவில்லை, அவ்வளவுதான்.

போடியில் கம்பவுண்டர் கொடுத்த கொய்னா மருந்தில் தங்கச்சி பிழைத்தாள். மறுபடி தொட்டிலைத் தூக்கும்போது நீங்கள் சொன்னது ஒன்றுதான்: "நீங்க சொன்னீகன்னு யாருக்கும் தெரிய வேணாம் மச்சான். அண்ணன் தங்கச்சிக்குள்ள எதுக்கு?"

ஊர் உங்களை 'வேட்டு வைத்தியர்' என்றது. ஊர்க் கல்யாணப் பந்திகளில்கூடக் கேலி செய்தார்கள். சுருங்கிப்போன அந்த இடது கையை மடியில் வைத்துக்கொண்டு நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். எந்த நேரம் உங்கள் வாய் தவறுமோ என்று பயந்துகொண்டே இத்தனை வருடம் சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை தங்கச்சி வீட்டில் சாப்பிட உட்கார்ந்தேன். குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "அண்ணே, அன்னைக்கு யாரு பேச்சைக் கேட்டு அவுக அந்த மருந்த எடுத்தாக? தானாத் தோணுச்சுன்னே சொல்லிட்டுப் போயிட்டாக. எனக்கு என்னமோ நம்ப முடியல. உங்களுக்குத் தெரியுமா?"

இனி வாய் தவற நீங்கள் இல்லை. சொல்லிவிடலாம் என்றுதான் தலையை நிமிர்த்தினேன். அவள் முகத்தைப் பார்த்ததும் பயந்துவிட்டேன், மாப்பிள்ளை. அவளை விட்டால் எனக்கும் யார் இருக்கிறார்கள்?

"அவராத்தான் எடுத்தாரு ஆத்தா. நான் வேணாம்னுதான் சொன்னேன்" என்றேன்.

நம்பிவிட்டாள். என் இலையில் இன்னொரு கை சோறு வைத்தாள்.