கந்தசாமி மாமாவின் மோட்டாரும் அக்காவின் தண்ணி நோட்டும்

அன்புள்ள அருள்மொழி அக்காவுக்கு,

ஏழு வருடமாக ஒழுகிக்கொண்டிருந்த நம் வீட்டுத் தோட்டத்து கேட்வால்வு, அதாவது வீட்டுக்கு வரும் தண்ணீரைத் திருகி அடைக்கிற வால்வு, நேற்று மாலை நாலரை மணிக்கு ஒழுகுவதை நிறுத்திக்கொண்டது என்பதை ஜெர்மனி வாழ் தமிழர்களுக்குப் பெருமையுடன் அறிவிக்கிறோம். சரிசெய்த நிபுணர் நான்தான். குழாய் விஷயத்தில் கள்ளக்குறிச்சி முதல் கல்வராயன் மலை வரை என்னை மிஞ்ச ஆளில்லை. இங்கே கருப்பு ஆடு உட்பட எல்லோரும் சுகம், அந்தக் குளிரில் நீ சுகமா என்று அப்பா கேட்கிறார். கரும்புச் சோகை கிழித்துக் கையில் கட்டுப் போட்டிருப்பதால் அவர் சொல்கிறார், நான் எழுதுகிறேன். மலையிலிருந்து மாதன் அண்ணன் கொண்டுவந்த சாமையை அம்மா இந்தப் பார்சலில் கட்டியிருக்கிறாள், பொங்கித் தின்னு.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அழுததிலிருந்து அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. ‘பொண்ணு இன்னா கஷ்டப்படுதுன்னே புரியலையே’ என்று புலம்பிக்கொண்டே இருந்ததால் நானே விளக்கினேன். மைக்ரோஆர்என்ஏ என்று உடம்புக்குள் ஒரு பொடிசு இருக்கிறது, என்னை மாதிரி. அது சில ஜீன்களின் வாயைப் பொத்திவிடும். யார் வாயை என்று கண்டுபிடிக்க அக்கா நூற்றுக்கணக்கான ரத்த மாதிரிகளின் கணக்கைப் பார்க்கிறாள், பொடிசு ஏறும்போதெல்லாம் எந்த ஜீன் இறங்குகிறதோ அதுதான் என்று ஊகிக்கிறாள் என்றேன். அப்பா உடனே, ‘அட, நம்ம தண்ணி நோட்டு!’ என்றார்.

அப்புறம் அன்றைக்கு முழுக்க அந்த நோட்டுப் பேச்சுதான். நீ பன்னிரண்டாவது படித்த வருடம், தெருக்குழாயில் பக்கத்து வீட்டுக் கந்தசாமி மாமா மோட்டார் வைத்து எல்லார் தண்ணீரையும் உறிஞ்சுகிறார் என்று சந்தேகம் வந்து, முப்பது நாள் காலையில் வீடு வீடாக ஓடினாயே. மோட்டார் சத்தம் எப்போது, எந்த வீட்டில் குடம் நிறைய எத்தனை நிமிடம், எல்லாம் எழுதினாய். பென்சில் சீவிக் கொடுத்தது நான். மோட்டார் ஓடும்போதெல்லாம் நம் வீட்டில்தான் தண்ணீர் சுத்தமாக நின்றது. அப்பா நோட்டோடு போய்ச் சண்டை போட்டார். ‘உன் வூட்டுத் தண்ணிய நான் இன்னாத்துக்குய்யா எடுக்கறேன்’ என்று மாமா கத்தினார். அன்றோடு பேச்சு நின்றது. மாமா வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட நாம் போகவில்லை.

ஊகம் நோட்டு மாதிரி தெளிவாக இருந்தும் சோதனையில் அந்தப் பொடிசும் ஜீனும் ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை, ஆராய்ச்சியை விட்டுவிட்டு வருகிறேன் என்றாயாம். வந்தால் சந்தோஷம்தான், ஆனால் அழுதுகொண்டு வராதே என்று அப்பா சொல்கிறார். நல்லா இரு, நெனச்சது நடக்கும், தலைக்குக் குல்லாய் போடு என்கிறார்.

இனி வருவது அவர் சொல்லாதது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருக்கிறார். அக்கா, மோட்டார் சத்தம் கேட்டதும் தோட்டத்துக்கு ஓடி வால்வை அடைத்தது நான்தான். நீ நோட்டோடு பதறி வருவதைப் பார்க்க அத்தனை சிரிப்பாக இருக்கும். திருகித் திருகித்தான் அது ஒழுகவே ஆரம்பித்தது. உன் கணக்கு ஒன்றும் தப்பில்லை, மோட்டாருக்கும் குழாய்க்கும் நடுவில் நான் இருந்தேன், நோட்டில்தான் நான் இல்லை. அங்கேயும் நடுவில் ஒரு வாலு இருக்கும், அதைத் தேடு, பெட்டி கட்டாதே. அப்பா வந்ததும் சொல்லிவிட்டு, மாமா வீட்டுக்கும் போகப்போகிறேன். அடி கம்மியாக விழ வேண்டிக்கொள்.

சொன்னவர்: உன் அப்பா அய்யனார்
எழுதியவளும் அடைத்தவளும்: எழில்மதி