ஓரத்தில் நான்கு விரல்கள்

மார்ச் 3

அலுவலகத்தில் இன்று முழுக்கச் செருப்புகள். ஒரே படத்தில் வரிசையாக நின்ற ஜோடிகளை இணையக் கடைக்காகத் தனித்தனியாக வெட்டிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா போனை நீட்டினாள். அக்காவும் அத்தானும் பேருந்து நிலையத்தில் எடுத்துக்கொண்ட படம்.

"செருப்பைப் பிரிக்கத் தெரியுதுல்ல? இவனைப் பிரிச்சுக் குடு."

அக்கா இறந்துபோய் இரண்டு மாதம். அவள் வாய்விட்டுச் சிரிக்கும் படம் இது ஒன்றுதான். மூலப்படம் அவள் போனோடு தொலைந்தது. எங்களிடம் இருப்பது அவள் அன்று அனுப்பிய சுருக்கிய பிரதி.

மார்ச் 5

அம்மாவுக்குப் பொறுமை இல்லை. தானே போனில் வெட்டியிருக்கிறாள் — வெட்டிச் சேமித்ததையே மறுபடி, மறுபடி. அக்காவின் உதட்டுக்குக் கீழே மச்சம் இல்லை. கறை மாதிரி ஏதோ.

"மச்சம் எங்கடி?"

"நீதாம்மா அழிச்சுட்ட."

ஏன் அப்படிச் சொன்னேன்? அம்மா சாப்பிடவில்லை.

நல்லவேளை, அக்கா அனுப்பியது அப்படியே இருக்கிறது. சுருக்கிய படத்தை வெட்டிச் சேமிக்கும்போதெல்லாம் அது மறுபடி சுருக்கப்படுகிறது; ஒவ்வொரு முறையும் எதையோ இழக்கிறது. நினைவைப் பற்றி இங்கே எழுதக் கூடாது. படத்தைப் பற்றி மட்டும்.

மார்ச் 8

கெடாமல் வெட்ட வழி உண்டு. இந்த மாதிரிப் படம் சின்னச் சின்னக் கட்டங்களாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. கட்டத்தின் ஓரமாகவே வெட்டினால் மீதி அப்படியே இருக்கும், மச்சம் உட்பட. ஆனால் வெட்டுக்கோடு நான் வைத்த இடத்தில் நிற்காது. பக்கத்துக் கட்டத்தின் ஓரத்துக்குத் தாவும். அத்தான் பக்கம் தாவினால் அவருடைய நான்கு விரல்கள் அக்காவின் தோளில் மிஞ்சுகின்றன. அக்கா பக்கம் தாவினால் அவள் காது போகிறது.

நடுவில் இடமே இல்லை.

"அவ காதை எதுக்குடி வெட்டணும்? அவன் கையை வெட்டு."

"கையை மட்டும் வெட்ட முடியாதும்மா."

"அவ கெடந்த ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பாக்காதவன் கை. அதுக்கு இத்தனை பிடிவாதம்."



மார்ச் 9

விரல்களோடு வெட்டினேன்.

மார்ச் 12

அகலமான சட்டம் போட்டால் விரல்கள் அதற்குள் மறைந்துவிடும் என்றேன். "இப்பதான் உருப்படியா ஒண்ணு சொல்லியிருக்க" என்றாள் அம்மா. கடையில் கொடுத்துவிட்டு வந்தோம். வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வந்தாள். கேட்டு எவ்வளவு நாளாயிற்று.

மார்ச் 14

அத்தான் கூப்பிட்டார். எடுத்திருக்கக் கூடாது.

"அந்த பஸ் ஸ்டாண்ட் படம் இருந்தா அனுப்பும்மா. எங்கிட்ட ஒண்ணுமே இல்ல." பிறகு, கேட்காமலே: "அன்னைக்கு தப்பான பஸ்ல ஏத்திட்டேன் அவளை. எங்கேயோ போய் எறங்கிட்டோம். அதுக்குத்தான் அப்படிச் சிரிச்சா."

ஆஸ்பத்திரிக்கு ஏன் வரவில்லை என்று கேட்க வாய் வரவில்லை. வைத்துவிட்டேன்.

அம்மாவிடம் அப்படியே சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

மார்ச் 17

படம் வந்துவிட்டது. ஒல்லியான சட்டம். விரல்கள் நான்கும் வெளியே.

"அகலமாதானேம்மா சொன்னோம்?"

"நான்தான் போய் மாத்தச் சொன்னேன்."

முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். முதலில் மச்சம் இருக்கும் இடம். அப்புறம் முகம். கொஞ்சம் தயங்கி, தோள்.

"கேட்டானே. அனுப்பிட்டியா?"

"எதை?"

"முழுசா இருக்கறத."

அனுப்பினேன். படமாக அனுப்பினால் வழியில் மறுபடி சுருங்கும். கோப்பாக அனுப்பினேன்.