காலி சிலிண்டர்

வெண்டல்,

விடியறதுக்குள்ள சிலிண்டர் தீர்ந்து ஹீட்டர் அணைஞ்சு போச்சு. நிரப்பிட்டு வர டவுனுக்குப் போறேன். ஃபிளாஸ்க்ல காபி இருக்கு. பக்கத்து கேரவன் வில்மா வந்தா அவ வாணலியைக் கொடுத்துடு.

குளிர் தாங்காம எழுந்தப்பதான் ஜன்னல் இடுக்குல நீ திணிச்ச துண்டைப் பார்த்தேன். கரண்ட் இல்லாத பாலைவனத்துல சூடு வீணாகுதேன்னு அடைச்சியாக்கும். காஸ் எரியறப்ப ஜன்னல் ரெண்டு விரல் திறந்திருக்கணும்னு எத்தனை தடவை சொல்றது. உன் மூக்குல விரல் வச்சு மூச்சு வருதான்னு பார்த்தேன். துண்டை உருவி என்னோடவே எடுத்துட்டுப் போறேன்.

ஆர்லீன்

விஷவாயு அலாரத்தோட பேட்டரி உன் டார்ச்சுல இருக்கு. புதுசு வாங்கிட்டு வரேன்.

சிலிண்டர் நிரப்ப மறந்துட்டேன்னு நேத்து சாயங்காலம் பூரா திட்டினியே. மறக்காம நிரப்பியிருந்தா, வில்மா இன்னைக்குக் கதவை உடைச்சுத்தான் அந்த வாணலியை எடுத்திருப்பா.