பிலிமத்தலாவைக் குளத்துக்கு நீ கேட்ட நியாயம்

என் ஆசைத் தங்கச்சி லூர்து,

நீ எங்களை விட்டுப்போய் ஆறு மாதம். முதலில் நல்ல சேதியைச் சொல்கிறேன்: பிலிமத்தலாவைக் குளம் மறுபடி பச்சை பிடித்துவிட்டது.

அன்று குளத்தடியில் வளரும் வேலம்பாசிக் கொடி வெளுத்து, மீன் செத்து மிதந்தபோது, துணி வெளுக்கும் சூசையம்மாவின் சவர்க்காரம்தான் காரணம் என்று ஊரே சொன்னது. குளத்தில் இறங்கவிடாமல் அவளைத் தடுத்தார்கள். மஹய்யாவவில் இருக்கும் நம் வீட்டுக்கே வந்து உன்னிடம் அழுதாள்.

"பதினைஞ்சு வருஷமா வெளுக்குறேன் டீச்சர். அப்பெல்லாம் சாகாத பாசி இப்ப ஏன் சாவுது?"

"அழாதீங்க. பாசிக்கிட்டயே கேப்போம்" என்றாய். நான் சிரித்தேன். மன்னித்துக்கொள்.

ஞாயிறு பூசை முடிந்து, குளத்து மேட்டிலுள்ள பித்தளைப் பட்டறை முற்றத்து வெயிலில், அதன் முதலாளி முன்னால் மூன்று கண்ணாடிச் சாடிகள் வைத்தாய். ஒன்றில் ஊற்றுத் தண்ணீர், ஒன்றில் சூசையம்மா துணி அலசிய தண்ணீர், ஒன்றில் பட்டறையிலிருந்து குளத்துக்கு ஓடும் கான் தண்ணீர். மூன்றிலும் நல்ல பாசி.

"வெயில் பட்டா இலை தனக்குச் சாப்பாடு ஆக்கும். அப்ப விடுற பிராணவாயுதான் இந்தக் குமிழி. நீங்களே பாருங்க முதலாளி."

முதல் சாடியில் குமிழி சரம்சரமாக ஏறியது. இரண்டாவதில் கொஞ்சம் மெதுவாக, ஆனால் நிற்கவில்லை. மூன்றாவதில் உச்சிப்பொழுதுக்குள் அடங்கிவிட்டது.

"செம்புக் குடத்துல தண்ணி குடிக்கிறோமே, நாங்க சாகலியே?" என்றார் முதலாளி.

"குடம் கரையிறதில்ல. நீங்க பித்தளை கழுவுற திராவகம் செம்பைக் கரைச்சுக் கொண்டு வருது. அது உள்ள போனா இலையோட பச்சை கெட்டுப்போகும். வெயில் இருந்தும் இலை பட்டினி கிடக்கும்."

அவர் மூன்றாவது சாடியைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். அடுத்த மழையில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. அதன் பிறகு நடந்ததை நீ பார்த்தாயா? கழிவுத் தண்ணீருக்குத் தனிக்குழி வெட்டி, செம்பு அடியில் படியச் சுண்ணாம்பு போட்டு, சூசையம்மாவைத் தேடி அவரே போனார். "பிழை என்னோடதுதான், வாங்கம்மா" என்றாராம்.

மேட்டில் இன்னும் இரண்டு பட்டறைகள் இருக்கின்றன. அவற்றின் கழிவுத் தண்ணீர் பற்றிப் பேச ஊர்ச்சபை கூடுகிறது. உன் இடத்தில் நின்று விளக்க யார் வருவது என்று கேட்டார்கள். நாலு பேர் முன்னால் வாய் திறக்காத இந்தத் தையல் டீச்சர், தன் பேரைக் கொடுத்துவிட்டாள்! செவ்வாய்க்கிழமை அங்கே நிற்பேன். குரல் நடுங்கலாம், லூர்து. சொல்ல வந்ததைச் சொல்லாமல் உட்காரமாட்டேன்.

உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்த அக்கா,
ஞானம்மா