ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில்

மார்ச் 4, திங்கள்

தங்கை தன் டிரில் மெஷினின் பேட்டரி சார்ஜரை என் ரிப்பேர் கடை மேஜையில் வைத்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றாள். நியாயம்தான். எரிந்த வார்னிஷும் கரப்பான் எச்சமும் கலந்த வாடை. மூடியைக் கழற்றினேன். சர்க்யூட் போர்டின் ஓரத்தில் ஒரு கரப்பான் குடும்பம் மூன்று தலைமுறை வாழ்ந்து அங்கேயே காலமாகியிருந்தது. பழைய பல் பிரஷால் அடக்கம் செய்தேன்.

டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது. புதிய சார்ஜர் வாங்கச் சொன்னேன். கம்பெனிக்காரன் பேட்டரியின் வடிவத்தையே மாற்றிவிட்டானாம். இதற்குப் பொருந்தும் சார்ஜர் இப்போது வருவதில்லையாம்.

"சனிக்கிழமைக்குள்ள ஆஸ்பத்திரியில பதினெட்டு கதவு மாட்டணும் அண்ணா. இல்லன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. நான் தனியா எடுத்த மொத வேலை."

மார்ச் 5, செவ்வாய்

குற்றவாளி கிடைத்தார். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் தடித்த செம்புக் கம்பி. ஆபத்து வந்தால் முதலில் சாவதுதான் ஃபியூஸின் உத்தியோகம். அங்கே சாகவே மாட்டேன் என்கிற ஒன்றை உட்காரவைத்தால் பக்கத்தில் இருப்பவர்கள் சாகிறார்கள்.

இந்தத் திறமை எங்கள் குடும்பத்தில் தங்கையின் கணவருக்குத்தான் உண்டு. ஒழுகும் குழாய்க்குக் கட்டுப்போட்டு வைத்தியம் பார்ப்பவர். வரவழைத்து, அவள் முன்னாலேயே கேட்டேன்: "மாப்பிள்ளை, வீட்டைக் கொளுத்தணும்னா தீப்பெட்டி போதுமே, கம்பி எதுக்கு?"

ஏதோ சொல்ல வந்தார். நான் விடவில்லை. கால் மணி நேரம் பேசினேன். நன்றாகவே பேசினேன். தங்கை அவரைப் பார்த்த பார்வையில் அவரே கொஞ்சம் கருகினார்.

மார்ச் 6, புதன்

டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றிக் கறுப்புப் பசை ஊற்றியிருக்கிறார்கள். உள்ளே செய்த வேலையை யாரும் பார்க்கக் கூடாது என்ற கூச்சமாக இருக்கும். அரை நாள் சுரண்டினேன். நகக்கண்ணில், மயிரில், டீ கிளாஸில் எல்லாம் பசை. அதைக் குடித்தும் விட்டேன். த்தூ.

டிரான்ஸ்ஃபார்மரின் நடுத்துண்டான கோரின் ஒட்டு இளகுவதற்காக அதை வீட்டுப் பால் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வைத்தேன். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"அந்தப் பாத்திரத்துல இனிமே நீங்களே பால் காய்ச்சி நீங்களே குடிங்க."

மார்ச் 7, வியாழன்

கருகிய கம்பியை எண்ணி எண்ணி அவிழ்த்தேன். நடுவில் ஒருவர் வந்து, "ஃபேன் எப்ப ரெடியாகும்?" என்றார். "நாப்பத்திரெண்டு" என்றேன். போய்விட்டார். மொத்தம் எழுபத்தாறு சுற்று. புதுக் கம்பியில் அதே எழுபத்தாறு, அதே திசையில்.

போர்டில் ஒரு டிரான்சிஸ்டரும் ஷார்ட் ஆகியிருந்தது; அதற்குப் பதிலாகப் போடக்கூடியதன் எண் வேண்டும். எப்போதோ குறித்திருப்பேன் என்று முந்தைய வருஷ நோட்டைப் புரட்டினேன். எண் கிடைக்கவில்லை. இது கிடைத்தது:

"மாப்பிள்ளை சார்ஜர் கொண்டுவந்தார். ஃபியூஸ் ஸ்டாக் இல்லை. தற்காலிகமாகக் கம்பி வைத்தேன். அடுத்த வாரம் மாற்றணும்."

என் கையெழுத்து. தெளிவான கையெழுத்து வேறு.

சே. யாரை உக்காரவெச்சு என்ன பேச்சு பேசினேன் — எனக்கெல்லாம் ஒரு கடை, வாசல்ல ஒரு போர்டு.

மார்ச் 8, வெள்ளி

முதல் வேலையாக ஃபியூஸ் வாங்கினேன். பிறகுதான் டிரான்சிஸ்டர். பாதுகாப்புக்கு ஒரு குண்டு பல்பை இடையில் மாட்டிச் சோதித்தேன். பல்பு ஒரு கணம் மினுங்கி அணைந்தது; ஷார்ட் இல்லை. பச்சை விளக்கு வந்தது. பேட்டரி ஏறுகிறது.

சார்ஜரை வாங்க வந்த தங்கையிடம் உண்மையைச் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன்.

"இனிமே இதைத் தொடவே கூடாதுன்னு அவர்கிட்ட சொல்லிட்டேன் அண்ணா" என்றாள்.

மூடிக்கொண்டேன். நேற்று அந்த நோட்டைப் பார்த்தபோதுகூட என்மேல் இவ்வளவு அருவருப்பு இல்லை.

மார்ச் 9, சனி

ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாப்பிள்ளை பதினோராவது கதவைத் தாங்கிப் பிடித்திருந்தார். தங்கை டிரில்லால் திருகாணி ஏற்றிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்துக்கு மேல் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது: "மாப்பிள்ளை, அந்தக் கம்பி நான் வெச்சது."

சத்தம் நின்றது.

"தெரியும் மச்சான். நான்தானே சார்ஜரை உங்ககிட்ட கொண்டு வந்து குடுத்தேன்."

"அப்ப அன்னிக்கே ஏன் சொல்லல?"

"நீங்க எங்க மூச்சு விட்டீங்க? அப்புறம் யோசிச்சேன். சொன்னா ரோஷப்பட்டு வேலையைப் பாதியில போட்டுடுவீங்க. இவளுக்கு இன்னிக்குக் கதவு மாட்டணுமில்ல."

தங்கை என்னைப் பார்த்தாள். பிறகு அவரை. அவரைப் பார்த்ததுதான் நீளம்.

"இன்னும் ஏழு கதவு இருக்கு" என்றாள். "சும்மா நிக்கிறதுக்கு ஒண்ணைப் பிடி."

பன்னிரண்டாவதை நான் பிடித்தேன். கோணல் என்றாள். தூக்கினேன். அப்போதும் கோணல் என்றாள்.

மாப்பிள்ளை வந்து, என் பக்கம் கதவுக்கு அடியில் ஒரு மரத்துண்டைச் செருகினார். நேராகிவிட்டது.